ஆமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் என்னும் விளையாட்டு ஆசான்

கலாசாலை ஆசிரியர் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றும் உருவம், கையில் புத்தகமும் தோளில் கறுப்பு அங்கியும் உடையதாகும். மாலை நான்கு மணிக்குமேல் கழுத்தில் ஊதலைத் தொங்கவிட்டுக்கொண்டு வெயிலில் நிற்பவரை ஆசிரியர் வரிசையின் கடைசியில் வைத்து எண்ணுவதும், சில இடங்களில் அவ்வரிசையிலேயே சேர்க்காதிருப்பதும் நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்தை அமெரிக்காவின் பெரிய சர்வகலாசாலை ஒன்றில் மாற்றிக் காட்டியவர் ஆமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் என்பவர். அவர் போதகராக வேண்டுமென்று வேதசாஸ்திரம் கற்கப் புகுந்து, பின்னர் பிரசங்க பீடத்தை விட்டு மைதானத்தை ஏற்றுக்கொண்டவர். ஆதலால் மிஷன் கலாசாலையைச் சார்ந்த நமக்கு அவர் சரித்திரம் ஒருவாறு உரிமையுடையதேயாகும்.

இவர் 1862-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ந் தேதி நியூ ஜெர்ஸி மாகாணத்தைச் சேர்ந்த வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் செருப்புத் தைத்து ஜீவனம் செய்தவர், மக்கள் எண்மர். வறுமை அக்குடும்பத்தை விட்டு ஒருநாளும் நீங்கியதில்லை. ஆயினும் சிறுவன் கல்வியின்மேல் வைத்த ஆசையும் நீங்கவில்லை. எக்ஸ்டர் என்னுமிடத்திலுள்ள புகழ்பெற்ற பள்ளியிலும், பின்னர் யேல் சர்வகலாசாலையிலும் அவர் பயின்றபோது, குளிர் காய நெருப்பில்லாத மேல்மாடத்து அறையில் குடியிருந்து, பெரும்பாலும் உலர்ந்த பிஸ்கோத்துகளை உண்டே நாட்களைக் கழித்தார். உணவுக் குறைவினால் நோயுற்று விழுந்ததும் உண்டு. பிற்காலத்தில் தம் மாணவர்களுடைய ஆகாரத்தைப்பற்றி இவர் அத்துணை கண்டிப்பாயிருந்ததன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

யேலில் அவருக்குப் பெயர் தேடித் தந்தது முதலில் பேஸ்பால் ஆட்டம். பந்தெறிவதில் அவருக்கு நிகராவார் அக்காலத்துக் கலாசாலைகளில் மிகச் சிலரே. அவர் கைத்திறத்தைக் கண்டு, பணத்துக்காக ஆடும் கோஷ்டியினர் பன்முறை நல்ல சம்பளம் கொடுப்பதாக அழைத்தனர். செருப்புத் தைப்பவரின் மகனுக்கு அத்தொகை சிறிதன்று. ஆனால் அந்நாளில் தொழில்முறை ஆட்டக் களங்களை மதுக்கடையும் சூதும் சூழ்ந்திருந்தன. ஊழியத்துக்குப் போக எண்ணியவன் அவ்விடத்தில் நிற்பது தகாதெனக் கூறி அவர் மறுத்துவிட்டார்.

1888-ல் பட்டம் பெற்று யேல் வேதசாஸ்திரக் கலாசாலையில் சேர்ந்த பின்னரும் அவர் விளையாட்டை விடவில்லை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டமன்று. உரித்த தேங்காயைப் போன்ற நீண்ட பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, பதினொருவர் காக்கும் எல்லைக் கோட்டை ஊடுருவி ஓடுவதே அதன் சாரம். ஓடுபவனைச் சடுகுடுவில் பிடிப்பதுபோலப் பிடித்துத் தரையில் வீழ்த்துவர். 1888-ல் யேல் கோஷ்டி 13 ஆட்டங்களாடி 698 புள்ளிகள் எடுத்தது. எதிரிகளுக்கு ஒரு புள்ளியும் கொடுக்கவில்லை. அக்கோஷ்டியில் ஸ்டாக் ஒருவர். மறு ஆண்டில் தேசம் முழுவதிலுமுள்ள கலாசாலை ஆட்டக்காரரில் சிறந்த பதினொருவரை முதன் முதலாகத் தெரிந்தெடுத்து வெளியிட்டபோது, அவ்வரிசையிலும் அவர் பெயர் இடம்பெற்றது. உயரத்தில் குறைந்தவர், எடையிலும் குறைந்தவர். பிடித்தால் விடமாட்டார் என்பதே அவர் பெருமை.

மைதானத்தில் இவ்வாறு அஞ்சாது நின்றவர் பிரசங்க பீடத்தில் நின்றால் நா எழாமல் தடுமாறினார். தேவ ஊழியத்தில் வாஞ்சையிருந்தும் வாக்கில்லாதது அவரை மிகவும் வருத்தியது. பல நாள் யோசித்து, வாயினால் சொல்ல இயலாததை வாலிபரோடு கூட ஓடியும் ஆடியும் உணர்த்தலாமென்று துணிந்தார். இத்துணிவைச் சிறிதென்று நாம் எண்ணலாகாது. வேதசாஸ்திரத்தை விட்டுப் பந்தாடப் போகிறவனை அக்காலத்து நல்லோர் வழுவிப்போனவனாகக் கருதுவது இயல்பு. விளையாட்டைக் கற்பிப்பது ஒருவன் ஆயுள் முழுதும் செய்யத்தக்க மதிப்புடைய தொழிலென்று அன்று நினைத்தவர்களும் மிகச் சிலரே.

அவ்வாறு நினைத்தவர்கள் கூடிய இடம் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் நடத்திய பயிற்சிக் கலாசாலை. 1890-ல் ஸ்டாக் அங்குச் சென்று, மாணவராயும் ஆசிரியராயும் இருந்து, அக்கலாசாலையின் கால்பந்துக் கோஷ்டியை உருவாக்கினார். அக்கோஷ்டியில் ஆடியவர்களுள் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் கனடா தேசத்தவரும் ஒருவர். அவரே 1891-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவதற்கென்று, இரண்டு பழக்கூடைகளை மாடத்தின் விளிம்பில் ஆணியடித்துக் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தவர். 1892 மார்ச்சில் ஆசிரியர்களும் மாணவர்களும் எதிரெதிராக நின்று பொதுஜனங்கள் முன்னிலையில் அவ்வாட்டத்தை ஆடினர். மாணவர் 5, ஆசிரியர் 1 என்று முடிந்தது. ஆசிரியர் பக்கத்து அந்த ஒன்றை எடுத்தவர் ஸ்டாக். சென்னையில் 1920-ல் ஒய். எம். சி. ஏ. தேகப்பயிற்சிக் கலாசாலையை நிறுவிய ஹாரி குரோ பக் அவர்கள் பயின்றதும் இதே ஸ்பிரிங்பீல்டில்தான். ஆகவே நம் கலாசாலைகளில் தேகப்பயிற்சி கற்பித்தோர் பலரும் அந்த ஊற்றின் நீரைக் குடித்தவர்களே.

இதற்கிடையில் ராக்பெல்லரின் பொருளுதவியால் சிக்காகோவில் புதிய சர்வகலாசாலையொன்று உருவாகி வந்தது. அதன் அதிபராக நியமிக்கப்பட்டவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். எபிரேய மொழியில் மகா பண்டிதர். யேலில் ஸ்டாக்குக்கு வேதபாடம் சொல்லிக் கொடுத்தவர். பழைய மாணவரைத் தம்மிடம் அழைத்துக்கொள்ள விரும்பிய அவர், முதலில் சொன்ன சம்பளத்தை மேலும் மேலும் உயர்த்தி, முடிவில் ஆண்டுக்கு 2,500 டாலரும், இணைப் பேராசிரியர் பதவியும், அப்பதவி நிலையானதென்ற உறுதியும் அளித்தார். சம்பளத்தைவிடப் பின்னிரண்டுமே பெரியவை. அக்காலத்தில் விளையாட்டுப் பயிற்சியாளர் என்போர் இரண்டு மாதத்துக்குக் கூலி பேசி அமர்த்தப்படுவர். ஆட்டம் தோற்றால் அனுப்பப்படுவர். கிரேக்கமும் கணிதமும் கற்பிப்பவரோடு ஒரே சபையில் ஆசனம் பெற்ற முதல் விளையாட்டு ஆசான் ஸ்டாக் என்றே விளையாட்டுச் சரித்திரம் எழுதுவோர் கூறுவர்.

1892 அக்டோபர் முதல் தேதி சர்வகலாசாலை திறக்கப்பட்டது. கட்டடங்களே முற்றுப்பெறாத நிலையில் ஆட்டக்காரர் எங்கிருந்து வருவர்? வந்த சிலரைக் கூட்டிக்கொண்டு, ஆள் போதாததால் ஸ்டாக்கும் தாமே உடையணிந்து களத்திலிறங்கினார். அக்கோஷ்டி முதலில் ஆடியது அண்டையிலிருந்த உயர்தரப் பள்ளிப் பிள்ளைகளோடு. மார்ஷல் பீல்டு என்னும் பெருவணிகர் கொடுத்த நிலத்தில், ஆசிரியரும் மாணவரும் பலகையும் சுத்தியலும் கையிலெடுத்து வேலியடித்தனர். இங்கே தொடங்கிய பணியை அவர் நாற்பத்தொரு பருவங்கள் நடத்தினார்.

கால்பந்து மட்டுமன்று. பேஸ்பால் கோஷ்டியை ஏறக்குறைய இருபதாண்டு அவரே பழக்கினார். ஓட்டம், தாண்டல் முதலியவற்றிலும் அவர் பழக்கியவர்கள் பெயர் பெற்றனர். அவர்களுள் ஜேம்ஸ் லைட்பாடி 1904-ல் செயின்ட் லூயியில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் மூன்று முதற் பரிசுகள் பெற்றார். கூடைப்பந்தை ஒரு பக்கத்துக்கு ஐவராக ஆடும் முறையில் இரு சர்வகலாசாலைகள் முதன் முதலாக எதிர்த்து நின்ற ஆட்டம், 1896 ஜனவரியில் சிக்காகோவுக்கும் அயோவாவுக்கும் நடந்தது. சிக்காகோ 15-க்கு 12 என வென்றது. 1910-ல் வாஸெடா சர்வகலாசாலையின் அழைப்பின்பேரில் சிக்காகோ பேஸ்பால் கோஷ்டி ஜப்பான் தேசம் சென்று ஆடியது. இவற்றோடு, கோஷ்டிகளில் இடம்பெறாத சாதாரண மாணவரும் தேகப்பயிற்சி செய்தே தீரவேண்டுமென்ற விதியும் அங்கே இருந்தது. நாற்பதாண்டுகளில் அவர் கைப்பட்டு உரம் பெற்ற உடல்களுள் பெரும்பாலானவை பத்திரிகைகளில் பெயர் வராதவர்களுடையவை. சரித்திரம் எழுதுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

புதியன கண்டுபிடிப்பதில் அவருக்கு ஓயாத ஆவல். ஆளைப் பிடித்து வீழ்த்தப் பழகுவதற்கு மெத்தையை உருட்டிக் கட்டித் தொங்கவிட்ட பொம்மை, பேஸ்பால் அடித்துப் பழக வலைக்கூண்டு, ஆட்டக்காரர் சட்டையில் எண், ஆடுமுன் கூடி நின்று இரகசியம் பேசும் முறை, இன்னும் எத்தனையோ அவர் பெயரால் வழங்குகின்றன. இவை எல்லாவற்றுக்கும் அவரே முதல்வர் என்று அறுதியிட்டுக் கூறுதல் அரிது. ஆனால் இத்துணை புதுமைகளை ஒருவர் தலையிலே ஏற்றலாமென்று மக்கள் நம்பியதே அவர் மதிநுட்பத்துக்குச் சாட்சி. முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலியினால் நடக்க முடியாதபோது, மின்சார வண்டியொன்றில் அமர்ந்து மைதானத்தைச் சுற்றி வந்து கற்பித்தார். மது தொடார், புகைபிடியார், வசைச்சொல் ஒன்றும் அவர் வாயில் வராது. மிகுந்த கோபம் வந்தால் கழுதை என்பார், அவ்வளவே. அவரிடம் அப்பட்டம் பெறாதவர் கோஷ்டியில் இல்லையென்று மாணவர் வேடிக்கை பேசுவதுண்டு.

1894-ல் அவர் மணந்த ஸ்டெல்லா ராபர்ட்ஸன் அச்சர்வகலாசாலையின் மாணவியே. அவ்வம்மையார் எதிர்க்கோஷ்டிகளின் ஆட்டத்தைப் பார்த்து, யார் எங்கே நின்றார், எவ்வழியே ஓடினார் என்பதையெல்லாம் படமாக வரைந்து கணவருக்குக் கொடுப்பார். கால்பந்தின் நுணுக்கங்களை அவ்வளவு தெரிந்த பெண்மணி அந்நாளில் வேறொருவர் இருந்திருப்பாரென்று தோன்றவில்லை.

இனி, இவர் வாழ்க்கையின் கடினமான பகுதிக்கு வருவோம். 1905-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி மிச்சிகன் கோஷ்டி சிக்காகோவுக்கு வந்தது. அதற்குமுன் 56 ஆட்டங்களில் மிச்சிகன் தோற்றதில்லை. அவ்வாண்டில் அதற்கு எதிராக ஒருவரும் ஒரு புள்ளியேனும் எடுத்ததில்லை. 25,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் கடுங்குளிரில் திரண்டனர். நெடுநேரம் இருபக்கமும் ஒன்றுமில்லை. பின்பாதியில், சிக்காகோவின் வால்டர் எக்கர்சால் நெடுந்தூரம் உதைத்த பந்தைத் தன் எல்லைக் கோட்டுக்குப் பின்னே பிடித்த மிச்சிகன் இளைஞர் முன்னேறி ஓட முயன்றார். சிக்காகோவார் அவரைப் பிடித்துக் கோட்டுக்குப் பின்னேயே தள்ளி வீழ்த்தினர். அதற்கு இரண்டு புள்ளி. ஆட்டம் 2-க்கு 0 என முடிந்தது. நோய்ப்படுக்கையில் கிடந்த ஹார்ப்பருக்கு அதுவே கடைசி வெற்றிச் செய்தி; ஆறு வாரத்துக்குள் அவர் காலமானார். வீழ்த்தப்பட்ட அவ்விளைஞரோ நெடுநாள் பழிச்சொல்லுக்கு ஆளானார். விளையாட்டு என்று தொடங்கியது எவ்வளவு பாரமாகிவிட்டதென்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

அதே ஆண்டில் கால்பந்தாட்டத்தில் இளைஞர் பலர் காயமுற்று இறந்த செய்தி தேசத்தைக் கலக்கியது. நாட்டின் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே தலையிட நேர்ந்தது. காலியர்ஸ் என்னும் பத்திரிகை, வெற்றிக்காக ஆட்டக்காரரை வலைவீசிப் பிடிக்கும் மேற்குப் பகுதிச் சர்வகலாசாலைகளைக் கண்டித்து எழுதியது. அப்பழி சிக்காகோவையும் தொட்டது. எக்கர்சால் பட்டம் பெறாமலே கலாசாலையை விட்டவர் என்பதும் உண்மை. டிக்கெட் வசூல் பெருகியது. அவ்வரும்படி நெடுங்காலம் ஸ்டாக்கின் இலாகா கையிலேயே இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் 1902 முதல் நடத்திவந்த ஓட்டப் பந்தயங்கள் நல்லனவே. ஆயினும் சிறந்த ஆட்டக்காரரைச் சிக்காகோவுக்கு இழுக்கும் தூண்டிலாகவும் அவை பயன்பட்டன. மது தொடாத, பொய் சொல்லாத அவ்வுத்தமர், தாம் கட்டிய வீட்டில் பணமும் ஆரவாரமும் குடிபுகுவதைக் கண்டும் காணாதிருந்தார் என்றே நான் கருதுகிறேன். வெற்றி அவருக்கும் இனித்தது.

ஆனால் திருத்தம் செய்வதிலும் அவர் பின்வாங்கவில்லை. ஆட்ட விதிகளை வகுக்கும் கமிட்டியில் 1904 முதல் அங்கம் வகித்து, 1906-ல் பந்தை முன்னோக்கி எறியலாமென்ற புதுவிதி வந்தபோது அதை முதலில் நன்கு கையாண்டவர்களுள் அவர் ஒருவர். அவ்விதியால் ஒருவர்மேல் ஒருவர் குவிந்து நசுக்கும் ஆட்டம் தளர்ந்தது. அவ்வாண்டிலேயே மேற்குப் பகுதிச் சர்வகலாசாலைகள் கூடி, ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, பயிற்சியாளர் யாவரும் முறையாக நியமனம் பெற்ற ஆசிரியர்களாகவே இருக்கவேண்டுமென்று தீர்மானித்தன. ஸ்டாக் 1892-ல் தனியாகப் பெற்ற இடம் இப்பொழுது பொதுவிதியாயிற்று.

விதியை அவர் எவ்வாறு மதித்தார் என்பதற்கு 1922-ல் பிரின்ஸ்டனோடு நடந்த ஆட்டத்தைச் சொல்வர். 18-க்கு 21 எனச் சிக்காகோ பின்தங்கிய நிலையில், கடைசி நிமிஷங்களில் பந்து எதிரியின் எல்லைக் கோட்டருகே இருந்தது. புதிய ஆள் ஒருவனை உள்ளே அனுப்பி, அவன் மூலமாக இன்ன திசையில் ஆடுங்கள் என்று சொல்லிவிடலாமென உதவியாளர் ஒருவர் யோசனை சொன்னார். அவ்வாறு செய்வது விரும்பத்தகாதது என்று விதிக் கமிட்டி கருதியிருந்ததால் ஸ்டாக் இணங்கவில்லை. சிக்காகோ அந்தக் கோட்டைக் கடக்காமலே தோற்றது. யாரும் கண்டிராத இடத்தில், தேசமே கவனித்துக்கொண்டிருந்த ஆட்டத்தில், அவர் செய்த இச்செயலை நான் அவருடைய ஏழு மேற்குப்பகுதிச் சாம்பியன் பட்டங்களுக்கும் மேலாக வைப்பேன்.

அப்பட்டங்களுள் கடைசியானது 1924-ல் கிடைத்தது. பின்னர் கோஷ்டி தளர்ந்தது. 1929-ல் முப்பதே வயதான ராபர்ட் ஹட்சின்ஸ் அதிபரானார். சர்வகலாசாலையின் பெயர் பந்தாட்டத்தால் வளரவேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. 1932-ல் எழுபது வயது நிரம்பிய ஸ்டாக்கைப் பயிற்சிப் பணியிலிருந்து விலக்கி, கௌரவமான வேறோர் உத்தியோகம் கொடுக்க முன்வந்தனர். மைதானமில்லாத உத்தியோகம் தமக்கு எதற்கென்று அவர் மறுத்து, 1933-ல் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டாக்டன் நகருக்குச் சென்று, பசிபிக் கலாசாலை என்னும் சிறிய மெதடிஸ்த கலாசாலையில் பயிற்சியாசிரியராய் அமர்ந்தார். அங்கே ஆளும் குறைவு, பணமும் குறைவு. எழுபதாம் வயதில் 1892-க்குத் திரும்பியதுபோலாயிற்று.

1938 நவம்பரில் அவர் தம் சிறிய கோஷ்டியோடு சிக்காகோவுக்கு வந்தார். மாணவரோடு தாம் வேலியடித்த அம்மைதானத்துக்கு முன்னமே ஸ்டாக் மைதானம் என்று பெயரிட்டிருந்தனர். தம் பெயர் கொண்ட களத்தில் எதிர்ப்பக்கத்துக்கு உரியவராய் நின்று, தாம் வளர்த்த சர்வகலாசாலையை 32-க்கு 0 என அவர் தோற்கடித்தார். மறு ஆண்டில் மிச்சிகன் 85-க்கு 0 என்று சிக்காகோவை வென்றது. அவ்வாண்டு டிசம்பரில் சிக்காகோ சர்வகலாசாலை கால்பந்தாட்டத்தையே நிறுத்திவிட்டது. வெறுமையாய்க் கிடந்த மைதானத்தின் மேற்குப் படிக்கட்டுகளின் அடியில், 1942 டிசம்பர் 2-ந் தேதி, என்ரிக்கோ பெர்மியும் அவர் கூட்டத்தாரும் அணுவைப் பிளக்கும் தொடர்வினையை முதன் முதலாக அடக்கி நடத்திக் காட்டினர். பின்னாளில் அப்படிக்கட்டுகளை இடித்து, அவ்விடத்தில் சர்வகலாசாலையின் பெரிய நூல்நிலையத்தைக் கட்டினர். கால்பந்து 1969-ல் சிறிய அளவில் அங்கே மீண்டும் வந்தது.

ஸ்டாக்கோ ஓயவில்லை. 1943-ல், 81-ம் வயதில், பயிற்சியாளர் சங்கத்தார் அவரை அவ்வாண்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்ந்தனர். 1946-ல் பசிபிக் கலாசாலையும் அவரை ஆலோசகராக அமரச் சொன்னபோது, அதையும் ஏற்காமல் பென்ஸில்வேனியாவிலுள்ள ஸஸ்குவெஹன்னா கலாசாலைக்குப் போய், அங்கே பயிற்சியாசிரியராயிருந்த தம் மூத்த மகனோடு சேர்ந்து பணிசெய்தார். 1951-ல் அக்கோஷ்டி ஆடிய ஆறு ஆட்டங்களிலும் வென்றது. அவ்வாண்டிலேயே கலாசாலைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் ஆட்டக்காரர், ஆசான் என இருவகையிலும் அவர் பெயரைப் பொறித்தனர். 1959-ல் கூடைப்பந்தாட்டத்தின் புகழ் மண்டபத்திலும் பொறித்தனர். கால்பந்தில் அவர் பெயருக்கு எழுதப்பட்ட 314 வெற்றிகளை 1981 வரை எவரும் கடந்ததாக எண்ணப்படவில்லை.

ஸ்டெல்லா அம்மையாரின் உடல்நலம் குன்றவே, இருவரும் ஸ்டாக்டனுக்குத் திரும்பினர். அங்கே தொண்ணூறு வயது கடந்த கிழவர், அவ்வூர் ஜூனியர் கலாசாலை மைதானத்துக்கு மாலைதோறும் சென்று, பந்தை உயர உதைக்கும் இளைஞர்களுக்குக் கால் வைக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பணியிலிருந்து 1960-ல் விலகினார். 1964-ல் அம்மையார் மறைந்தார். 1965-ம் ஆண்டு மார்ச் மாதம் 17-ந் தேதி, 102-ம் வயதில், அதே ஊரில் ஸ்டாக் அவர்கள் காலமானார்.